பதினோரு ஆடுகளும் ஓர் எழுத்தும்: ஒரு குடற்புழுவின் மருந்து வரலாறு

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி மழை விட்ட கையோடு என் தாய்மாமா போன் பண்ணினார். "மாப்ள, பதினோரு ஆடு போயிருச்சு." விருதுநகர் பக்கம் சின்ன கிராமம். அவரிடம் அப்போது நாற்பது வெள்ளாடுகள் இருந்தன. கழிச்சல் என்று பெரிதாக எதுவும் இல்லையாம். மேய்ந்துகொண்டிருக்கும் ஆடு தள்ளாடி உட்காரும். தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் கோத்துத் தொங்கும். ரெண்டு மூணு நாளில் முடிந்துவிடும்.

"பூச்சி மருந்து ஊத்தலையா மாமா?"

"மூணு மாசத்துக்கு ஒருக்கா தவறாம ஊத்துறேன். எட்டு வருஷமா அதே மருந்துதான் மாப்ள."

அவர் கடைசியாகச் சொன்னதுதான் என்னைத் தேட வைத்தது. நான் கால்நடை மருத்துவர் இல்லை, கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். தேடத் தேட, மாமாவின் பட்டியில் நடந்தது கென்டக்கியிலும் தென்னாப்பிரிக்காவிலும் முன்பே நடந்திருப்பது தெரிந்தது.

முதலில் புழுவைப் பார்ப்போம். பெயர் ஹீமாங்கஸ் கன்டார்டஸ். 1803-இல் ருடால்ஃபி என்ற ஜெர்மன் அறிஞர் இதை விவரித்துப் பதிவு செய்தார். குடற்புழு என்று பொதுவாகச் சொன்னாலும் இது குடியிருப்பது ஆட்டின் நாலாவது வயிற்றில். பெண் புழு ரெண்டு, மூணு சென்டிமீட்டர் நீளம். ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலை வெள்ளைக் கருப்பை முறுக்கிச் சுற்றியிருக்கும். மேல்நாட்டு முடிதிருத்தும் கடை வாசலில் சிவப்பும் வெள்ளையும் சுற்றிய ஒரு கம்பம் நிற்குமே, அதே தோற்றம். ஆங்கிலத்தில் அந்தக் கம்பத்தின் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள்.

ஒரு புழுவால் ஒரு நாளைக்குப் போகும் ரத்தம் சுமார் 0.05 மில்லி. அற்பமாகத் தெரியும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. இருபது கிலோ ஆட்டின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஏறத்தாழ ஒன்றரை லிட்டர்தான். கணக்குப் போட்டால், ஒரே மாதத்தில் முழு உடம்பு ரத்தத்துக்குச் சமமான அளவு போய்விடுகிறது. ரத்தத்தோடு புரதமும் போவதால்தான் நீர் கசிந்து தாடைக்கடியில் தேங்குகிறது. பெண் புழு ஒன்று தினமும் ஐயாயிரம் முட்டைக்கு மேல் இடும். ஈரமும் சூடும் இருந்தால் புழுக்கையில் கிடக்கும் முட்டை ஒரு வாரத்திலேயே தொற்றும் பருவத்துப் புழுவாகி, பனி ஈரத்தில் புல் நுனிக்கு ஏறிவிடும். மழை விட்டதும் ஆடுகள் விழுந்ததற்குக் காரணம் இதுதான்.

சரி, மருந்துக் கதைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கையில் இருந்தது மயில்துத்தக் கரைசல், நிகோடின் சல்பேட் போன்றவை. அளவு கொஞ்சம் தப்பினால் புழுவோடு ஆடும் சாகும். 1938 வாக்கில் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள், பூச்சிக்கொல்லியாகப் பார்க்கப்பட்ட ஃபீனோதயசின் கால்நடைப் புழுக்களையும் கொல்வதைக் கண்டார்கள். அடுத்த இருபது ஆண்டுகள் அதன் ராஜ்ஜியம். 1957-இல் கென்டக்கியிலிருந்து, அந்த மருந்துக்கு இந்தப் புழு அசையவில்லை என்ற செய்தி வெளியானது.

அப்புறம் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 1961-இல் மெர்க் நிறுவனம் தயாபெண்டசோலைக் கொண்டுவந்தது. 1964-க்குள் அதற்கு எதிர்ப்பு. 1970 வாக்கில் லெவமிசோல். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எதிர்ப்பு. 1981-இல் ஐவர்மெக்டின். ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்து மண்ணிலிருந்து சதோஷி ஒமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிரில் பிறந்தது அது. வில்லியம் கேம்பல் அதைக் கால்நடை மருந்தாக வளர்த்தெடுத்தார். ஆப்பிரிக்காவில் ஆற்றுக் குருட்டு நோயிலிருந்து கோடிக்கணக்கானவர்களைக் காத்ததும் இதே மருந்துதான். 2015-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஆட்டுப் புழு நோபலுக்காகக் காத்திருக்கவில்லை. 1980-களின் கடைசியிலேயே தென்னாப்பிரிக்காவில் ஐவர்மெக்டினைத் தாண்டிவிட்டது. 2009-இல் மோனபான்டெல் என்ற புது வகை நியூசிலாந்தில் விற்பனைக்கு வந்தது. 2013-இல் அங்கேயே எதிர்ப்பு பதிவானது. இந்தியாவும் விலக்கல்ல. ஃபீனோதயசின், தயாபெண்டசோல் இரண்டுக்கும் எதிர்ப்பு இருப்பது இங்கே 1976-லேயே பதிவாகியிருக்கிறது.

மாமா ஊற்றிய அல்பெண்டசோல், தயாபெண்டசோலின் குடும்பம்தான். இந்தக் குடும்பம் புழுவின் உயிரணுவில் பீட்டா டியூபுலின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது. 1994-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எதிர்ப்புக்கு அடிப்படை எங்கே என்று காட்டினார்கள். அந்தப் புரதத்தின் 200-ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. மரபணுவில் டி.டி.சி என்று இருக்க வேண்டியது டி.ஏ.சி என்று இருக்கிறது. ஒரே ஒரு எழுத்து. ஒரு எழுத்துப் பிழையால் ராத்திரி முழுக்கக் கண்விழித்த அனுபவம் எனக்கு உண்டு. ஆனால் இங்கே அந்தப் பிழைதான் புழுவைக் காப்பாற்றுகிறது.

இந்த எழுத்தை மருந்து மாற்றவில்லை. கோடிக்கணக்கான புழுக்களில் சிலவற்றில் அது ஏற்கனவே மாறித்தான் இருக்கிறது. நாம் எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றும்போது மற்றவை செத்து, மாறியவை மட்டும் மிஞ்சுகின்றன. அடுத்த மாசம் புல்லில் ஏறுவது முழுக்க அவற்றின் பிள்ளைகள். போதாததற்கு, இந்த மருந்துகளின் அளவு பெரும்பாலும் செம்மறியை வைத்து வகுக்கப்பட்டது. வெள்ளாட்டின் உடம்பு பல மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாகக் கழித்துவிடும். செம்மறி அளவையே ஊற்றினால் அரைகுறை மருந்துதான் புழுவைத் தொடும்.

இதற்கு ஒரு தீர்வும் தென்னாப்பிரிக்காவிலிருந்தே வந்தது. யான் வான் வைக், ஃபாஃபா மாலன், காரெத் பாத் ஆகியோர் சேர்ந்து ஒரு வண்ண அட்டை செய்தார்கள். மாலனின் பெயரைச் சுருக்கி அதற்கு ஃபமாச்சா என்று பெயர். ஆட்டின் கீழ் இமையைத் திறந்து உள்நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். நல்ல சிவப்பு 1, வெளிறிய வெள்ளை 5. சோகை பிடித்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. ஒரு மந்தையில் பெரும்பங்கு புழுக்களைச் சில ஆடுகள்தான் சுமக்கின்றன என்பதால் இது வேலை செய்கிறது. மருந்து படாத ஆடுகளிலும் மேய்ச்சல் நிலத்திலும் பழைய வகைப் புழுக்கள் பிழைத்திருக்கும். அவை எதிர்ப்புள்ள புழுக்களோடு கலந்து, மருந்து கேட்கும் தலைமுறையை நீடிக்க வைக்கும். இந்த மிச்சப் புழுக்கள்தான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று வான் வைக் 2001-இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

எதிரியைக் கொஞ்சம் விட்டுவைப்பது என்பதை மாமாவிடம் விளக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது. "பூச்சி இருக்குன்னு தெரிஞ்சும் மருந்து ஊத்தாம விடச் சொல்றியா?" என்று முறைத்தார். கடைசியில் பக்கத்து ஊர் கால்நடை மருத்துவரிடம் போனோம். மருந்துக்கு முன்னால் ஒரு தடவை, பதினாலு நாள் கழித்து ஒரு தடவை என்று புழுக்கையைச் சோதித்து முட்டைகளை எண்ணினார். எண்ணிக்கை பாதிகூடக் குறையவில்லை. வேறு குடும்பத்து மருந்தை, வெள்ளாட்டுக்கு உரிய அளவில், எடை போட்டுக் கொடுத்தார். இமை வெளுப்பதற்குக் கல்லீரல் புழு, உண்ணி என்று வேறு காரணங்களும் உண்டு, இமையை மட்டும் நம்பிவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார்.

இப்போது மாமா ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டின் இமையையும் புரட்டிப் பார்க்கிறார். மருந்து ஊற்றிய ஆடு எது, என்று என்பதையெல்லாம் என் மாமா பொண்ணு பழைய டைரியில் எழுதி வைக்கிறாள். போன வருஷ மழைக்கு ரெண்டு ஆடுதான் போயின. அவற்றில் ஒன்று வெறிநாய் கடித்தது.

போன மாசம் ஊருக்குப் போனபோது இந்த வருஷ வரிசையை எல்லாம் அவரிடம் சொன்னேன். 1961, 1964, 1981, 2009, 2013. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இப்ப ஊத்துற மருந்து எத்தனை வருஷத்துக்கு மாப்ள?" என்றார். அது அந்த டைரியைப் பொறுத்தது மாமா என்றேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து, அடுத்த ஆட்டின் இமையைப் புரட்டப் போய்விட்டார்.