ஆணை குறைந்தாலும் அடங்காத உயிரணு

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்றால் நம் வயதுக்காரர்கள் உரக்கப் பேசுவோம். புரோஸ்டேட் என்றால் குரல் இறங்கிவிடும். அந்தப் புற்றுநோய்க்கான சிகிச்சைக்கு ஒரு நல்ல சரித்திரம் உண்டு.

புற்றுநோய் யாருக்கும் கட்டுப்படாமல் தன் போக்கில் வளரும் என்றே முன்பு நினைத்தார்கள். அதை மாற்றியவர் சார்லஸ் ஹக்கின்ஸ். கனடாவில் பிறந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர். ஆண் ஹார்மோன் (பிரெஞ்சில் படித்த எனக்கு இன்றும் அது 'ஓர்மோன்'தான்) குறைந்தால் நாய்களின் புரோஸ்டேட் சுருங்குவதைக் கண்டார். நோய் முற்றிய 21 பேருக்கு விதைகளை அகற்றினார். பலருக்கு வலி தணிந்தது. 1941-இல் இவற்றை வெளியிட்டார். 1966-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பின்னர் கத்திக்குப் பதில் ஊசி வந்தது. அதற்கு வழி திறந்தவர்கள், மூளையிலிருந்து வரும் ஹார்மோனின் அமைப்பைக் கண்டறிந்த ஷாலியும், பிரான்சின் திழோன் நகரில் பிறந்த கிய்மேனும். இருவருக்கும் 1977-இல் நோபல்.

ஆனால் ஒரு குறை. நோய் சில காலம் அடங்கிக் கிடந்து, பிறகு மீண்டும் தலைதூக்கும். ஏன்?

குமாஸ்தா பாஷையில் சொல்கிறேன். ஹார்மோன் என்பது ஓர் அரசாணை. உயிரணுவில் அதை வாங்கும் தபால் குமாஸ்தா, ஆண்ட்ரோஜன் ஏற்பி என்ற புரதம். ஆணை கைக்கு வந்ததும் பதிவறையில் சில கோப்புகளைத் திறந்து நகல் எடுக்க வைப்பார். கோப்புதான் மரபணு, நகல் எடுப்பதுதான் மரபணு வெளிப்பாடு. நாம் ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. கூட அப்படி ஒரு நகலின் விளைவுதான்.

ஆணைகள் குறைந்தபோது புற்றணு என்ன செய்தது? தபால் குமாஸ்தாக்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டது! திரும்பி வந்த கட்டிகளில் சுமார் 30 சதவீதத்தில் ஏற்பியின் மரபணுவே பெருகியிருந்ததை 1995-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள். ஏற்பி மிகுந்தால் சொற்ப ஹார்மோனே போதும் என்று 2004-இல் அமெரிக்காவில் சார்லஸ் சாயர்ஸ் குழுவினர் காட்டினார்கள். சில கட்டிகள் ஆணையைத் தாமே தயாரிக்கவும் செய்கின்றன. போலி ஆணை என்று சொல்லலாம்.

ஆக, திரும்பி வந்த நோயும் பெரும்பாலும் ஹார்மோனை நம்பியே இருக்கிறது. இது தெரிந்ததால்தான் புது மாத்திரைகள் வந்தன. 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அபிராடெரோன், ஹார்மோன் உற்பத்தியை அடைக்கிறது. 2012-இல் வந்த என்சலூட்டமைடு, ஏற்பியையே மறிக்கிறது. இவை நோயை வேரோடு களைவதில்லை, ஆயுளை நீட்டிக்கின்றன.

"ஊசிதான் பலிக்கலையே, மாத்திரையோட அதையும் ஏன் போடறாங்க?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஊசியை நிறுத்தினால் ஆணைகள் மறுபடி குவியும். வாங்க இப்போது குமாஸ்தாக்களும் அதிகம். எனவே மருத்துவரைக் கேட்காமல் எவரும் ஊசியை நிறுத்த வேண்டாம்.