பொன் தேடியவர்களின் பட்டினி

"ஐயா, ஆற்றிலே மீன், காட்டிலே மான், கையிலே துப்பாக்கி! இத்தனையும் இருந்தும் அந்த ஆங்கிலேயர் ஏன் பட்டினி கிடந்து செத்தார்கள்?"

வகுப்பிலே ஒரு சிறுவன் கேட்டான். அமெரிக்க மண்ணில் ஆங்கிலேயர் ஊன்றிய முதல் நிலையான குடியேற்றமாம் ஜேம்ஸ்டவுனைப் பற்றிப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். தொடக்கத்தில் இன்னலுற்றனர், பின்னர் வென்றனர் என்று சொல்லிக் கடந்துவிட எண்ணியிருந்தேன். சிறுவன் விடவில்லை. மறுநாள் விடை சொல்வதாகக் கூறினேன். ஒரு நாளில் முடியவில்லை, ஒரு மாதம் படிக்க நேர்ந்தது. படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1606ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னன், வர்ஜீனியாக் கம்பெனிக்குப் பட்டயம் வழங்கினான். மன்னன் தந்தது முத்திரை; பணம் தந்தவர்கள் இலண்டன் வணிகர்கள். பங்கு சேர்த்தனர், கப்பல் பிடித்தனர், ஆள் திரட்டினர். அந்த ஆண்டு டிசம்பரில் சூசன் கான்ஸ்டன்ட், காட்ஸ்பீட், டிஸ்கவரி என்னும் மூன்று கப்பல்கள் இலண்டனை விட்டுக் கிளம்பின. தலைமை மாலுமி கிறிஸ்டபர் நியூபோர்ட். 1607 மே திங்களில், மன்னன் பெயர் சூட்டிய ஆற்றின் கரையில், மன்னன் பெயரையே சூட்டி ஓர் ஊரை அமைத்தனர். இறங்கியவர் 104 பேர்.

யார் அந்த 104 பேர்? ஆடவரும் சிறுவரும், பெண் ஒருத்தியும் இல்லை. ஏறத்தாழப் பாதிப்பேர் சீமான் வீட்டுப் பிள்ளைகள்! மூத்தவனுக்கே சொத்து என்னும் நாட்டு வழக்கத்தால் நிலம் கிட்டாமற்போன இளைய மகன்கள். வாள் பிடிக்கத் தெரியும், வம்பளக்கத் தெரியும், மண்வெட்டி பிடித்தால் மானம் போய்விடும் என்றும் தெரியும். தச்சர் சிலர், கொத்தர் சிலர், கொல்லர் ஒருவர், தையற்காரர் ஒருவர், முடிதிருத்துவோர் ஒருவர், பாதிரியார் ஒருவர், கூலியாட்கள் சிலர். உழவர் என்று குறிக்கப்பட்ட ஒரு பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை. மறு ஆண்டு வந்த கப்பலிலாவது உழவர் வந்தனரா? பொற்கொல்லர் வந்தனர், பொன்னை உருக்கிப் பிரிப்போர் வந்தனர், நகை வேலைக்காரர் வந்தார், வாசனைத் தைலம் கூட்டுபவர் ஒருவரும் வந்தார்! சோறில்லா ஊருக்கு அத்தர்!

ஏன் இப்படி ஆள் அனுப்பினார்கள்? அறியாமையால் அல்ல, ஆசையால். மெக்சிகோவிலும் பெருவிலும் ஸ்பானியர் அள்ளிய பொன்னைக் கண்டு இலண்டன் வணிகரின் நாவில் நீர் ஊறியிருந்தது. வர்ஜீனியாவிலும் பொன் இருக்கும், கீழ்த்திசைக் கடலுக்கு வழி இருக்கும், பழங்குடி மக்கள் உணவு கொடுப்பார்கள். நம் ஆட்கள் தோண்ட வேண்டியதுதான் என்று கணக்குப் போட்டார்கள். 1608 வேனிலில் விதைக்க வேண்டிய கைகள் மண்ணைச் சலித்துக் கொண்டிருந்தன. பளபளக்கும் மண்ணைக் கப்பல் நிறைய ஏற்றி அனுப்பினர். இலண்டனில் உருக்கிப் பார்த்தபோது அது வெறும் மண்ணாகவே இருந்தது.

இடமாவது நல்ல இடமா? தாழ்ந்த, ஈரமான நிலத்தில் குடியேறாதீர், உடல்நலத்துக்குக் கேடு என்று கம்பெனியே எழுத்தில் அறிவுரை தந்திருந்தது. ஆயினும் சதுப்பு சூழ்ந்த அந்தக் கரையையே தேர்ந்தனர். கரையோரம் ஆழம் மிகுதி. கப்பலை மரத்திலேயே கட்டிவிடலாம். ஸ்பானியர் வந்தால் எதிர்க்க வசதி. பழங்குடியினரின் ஊர் எதுவும் அங்கே இல்லை. ஏன் இல்லை என்று ஒருவர் எண்ணிப் பார்த்திருந்தால் போதும். அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் குடியிருக்க விரும்பாத இடம் அது!

அந்த ஆற்றில் கடலின் ஓதம் ஏறி இறங்கும். கோடையில் மேலிருந்து வரும் நன்னீர் குறையும். உப்புநீர் உள்ளே புகும். உப்பும் நன்னீரும் சந்திக்கும் இடத்தில் சேறும் கழிவும் கடலுக்குப் போகாமல் அங்கேயே சுழலும். ஜேம்ஸ்டவுன் இருந்தது சரியாக அந்தச் சந்திப்பில். தம் கழிவு கலந்த நீரையே குடித்தனர். ஆகஸ்டில் சாவு தொடங்கிற்று. வயிற்றுக் கடுப்பு, காய்ச்சல், வீக்கம்! குடியேற்றத்தின் மூளையாய் விளங்கிய பார்த்தலோமியு கோஸ்னால்டும் அந்த ஆகஸ்டிலேயே மாண்டார். 1608 சனவரியில் எஞ்சியவர் 38 பேர். ஊருக்குள் நல்ல கிணறு வெட்டியது 1609இல்தான்! இரண்டு ஆண்டு எத்தனையோ சவக்குழி தோண்டியவர்களுக்கு ஒரு கிணறு தோண்டத் தோன்றவில்லை.

குடியேறியவர்கள் சோம்பேறிகள், அதனால் செத்தார்கள் என்று அன்று முதல் எழுதி வருகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. வயிற்றுப்போக்கில் வாடி, உப்புநீரில் உடல் வீங்கிக் கிடப்பவன் மரம் வெட்டாவிட்டால் அது சோம்பலா? சோம்பல் என்று எழுதியவர்கள் பெரும்பாலும் மேலே இருந்தவர்கள். மற்றப் பாதி உண்மைக்குச் சான்று ஜான் ஸ்மித் காலத்து நிகழ்ச்சி. உழவர் வீட்டில் பிறந்த போர்வீரர் அவர். 1608 செப்டம்பரில் தலைவரானதும் உழைக்காதவனுக்கு உணவில்லை என்று ஆணையிட்டார். சீமான்களையும் காட்டுக்கு அழைத்துச் சென்று கோடரி கொடுத்தார். மென்மையான விரல்கள் கொப்பளித்தன. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு வசைமொழி உதிர்ந்தது. ஸ்மித் வசைகளை எண்ணி வைத்து, இரவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குவளைத் தண்ணீரைத் திட்டியவரின் சட்டைக் கைக்குள் ஊற்றச் செய்தாராம்! தானியக் கிடங்கை எலிகள் தின்று தீர்த்தபோது, ஆட்களைப் பிரித்துச் சிப்பி கிடைக்கும் கரைகளுக்கு அனுப்பிக் காப்பாற்றியவரும் அவரே.

ஆனால் ஸ்மித்தை வீரனாக்கிக் கொண்டாட நான் ஆயத்தமாக இல்லை. அவர் சோறு தேடிய வழி எது?

அந்தக் கரையில் ஏறத்தாழ முப்பது குலங்கள், பதினாலாயிரம் பேருக்கு மேற்பட்ட மக்கள், பவ்ஹாட்டன் என்று அழைக்கப்பட்ட பெருந்தலைவரின் கீழ் வாழ்ந்தனர். மக்காச்சோளம், அவரை, பூசணி பயிரிட்டனர், பருவம் பார்த்து மீன் பிடித்தனர், வேட்டையாடினர். 1607 இலையுதிர் காலத்தில் செத்துக் கொண்டிருந்த அயலாருக்குச் சோளம் கொடுத்து உயிர் காத்தவர்கள் அவர்களே. ஆனால் கொடுக்கக் கொடுக்கக் கேட்டனர். கேட்டுக் கிடைக்காதபோது பறித்தனர். 1609 சனவரியில் ஸ்மித், பவ்ஹாட்டனின் உடன்பிறந்தார் ஒப்பச்சன்கனோவின் தலைமயிரைப் பற்றி, மார்பில் கைத்துப்பாக்கி வைத்துச் சோளம் கேட்டார்.

பறிகொடுத்தவர்களிடமும் மிச்சமில்லை என்பதுதான் கொடுமை. 1998இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதை விளக்கிற்று. அப்பகுதியின் பழமையான சைப்ரஸ் மரங்களில் ஆண்டுக்கு ஒன்றாக விழும் வளையங்களை அறிஞர்கள் அளந்தனர். மழை மிகுந்த ஆண்டில் வளையம் அகலும். வறண்ட ஆண்டில் ஒடுங்கும். 1606 முதல் 1612 வரையுள்ள ஏழாண்டுகள், 770 ஆண்டுகளில் கண்டிராத வறட்சிக் காலம் என்று மரங்கள் சான்று கூறின! அதே மரங்கள் இன்னொன்றும் சொல்லின. 1587இல் ரோனோக் தீவில் ஆங்கிலேயர் சிலர் குடியேறி, மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது ஒருவரும் இன்றி மறைந்தனரல்லவா? அந்த மூன்றாண்டும் கொடிய வறட்சி. ஊழ், சாபம் என்று கதை கட்டிய இடத்தில் இப்போது மழைக் கணக்கு நிற்கிறது. வானம் பொய்த்தது, சோளம் கருகியது, ஆற்றில் உப்பு ஏறியது. பழங்குடி மக்கள் தம் குழந்தைகளுக்கே போதாத தானியத்தை, துப்பாக்கி நீட்டியவர்களுக்கு எங்கிருந்து கொடுப்பர்?

1609இல் ஒன்பது கப்பல்களில் ஏறத்தாழ 500 பேரை அனுப்பிற்று கம்பெனி. நடுக்கடலில் புயல், தலைவர்கள் ஏறிய சீ வென்ச்சர் கப்பல் பெர்முடாத் தீவில் மோதிச் சிதைந்தது. மற்றக் கப்பல்கள் வந்து சேர்ந்தன: வாய்கள் வந்தன, உணவு வரவில்லை. அக்டோபரில் வெடிமருந்து தீப்பட்டுக் காயமுற்ற ஸ்மித் இங்கிலாந்து திரும்பினார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பவ்ஹாட்டன் மக்கள் கோட்டையைச் சூழ்ந்தனர். வெளியே போனவன் திரும்பவில்லை. மாணவன் கேட்ட மானும் மீனும் இங்கேதான் எட்டாமற் போயின. பெருமீன் ஆற்றில் ஏறும் பருவம் வேனில், வந்ததோ குளிர்காலம். வலை பின்னவும் வீசவும் அறிந்தவர் மிகச் சிலர். முன்பொரு முறை ஸ்மித்தின் கூட்டத்தார் மீன் திரளைக் கண்டு, வலையின்றி வறுக்கும் சட்டியால் அள்ள முயன்று தோற்றதை அவர்களே எழுதி வைத்துள்ளனர்.

குதிரையைத் தின்றனர். நாயை, பூனையை, எலியை, பாம்பைத் தின்றனர். காலணித் தோலைத் தின்றனர். பிறகு பிணத்தைத் தின்றனர். அப்போது தலைவராயிருந்த ஜார்ஜ் பெர்சி இதை எழுதியபோது, மிகைப்படுத்துகிறார் என்றோர் பலர். 2012இல் ஒரு பழங்குழியில் ஏறத்தாழப் பதினான்கு வயதுச் சிறுமியின் மண்டையோடு கிடைத்தது. நெற்றியிலும் பின்தலையிலும் தாடையிலும் வெட்டுத் தழும்புகள். இறந்தபின் தசையும் மூளையும் எடுக்கப்பட்டதை 2013இல் அறிஞர்கள் உறுதி செய்தனர். அவள் பெயர் யாருக்கும் தெரியாது.

பெர்சி இன்னொரு செய்தியும் எழுதுகிறார். ஹியூ பிரைஸ் என்னும் ஒருவன் பசி தாளாமல் ஊர்ச் சந்தையில் நின்று, கடவுள் இல்லை, இருந்தால் தான் படைத்தவர்களை இப்படிச் சாகவிடுவாரா என்று கதறினானாம். அன்று பிற்பகல் அவனும் கசாப்புக்காரன் ஒருவனும் உணவு தேடிக் காட்டுக்குப் போய் அம்பு பட்டு மாண்டனர். பிரைசின் உடலை ஓநாய்கள் கிழித்தன. அருகே கிடந்த கசாப்புக்காரனின் கொழுத்த உடலைத் தொடவில்லை. பார்த்தீர்களா, இறைவன் சினத்தை, என்கிறார் பெர்சி! ஒல்லி உடலைக் கிழித்த ஓநாயிடம் இறைவன் கட்டளை கண்டவர், அந்தச் சிறுமியின் உடலை வெட்டிய கத்தியில் யாருடைய கட்டளையைக் கண்டார் என்று எழுதவில்லை. பாதிரியாரும் வழிபாடும் ஊரில் தொடக்கம் முதலே இருந்தன; இல்லாதது கிணறும் கலப்பையும்தான்.

வேறு ஒன்றும் அவர் எழுதியுள்ளார். என் நெஞ்சை உறுத்துவது அது. ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு சிறு கோட்டை. அங்கும் ஆங்கிலேயர் சிலர். குளிர்காலம் கழிந்து பெர்சி போய்ப் பார்த்தபோது, அவர்கள் நன்றாய் உண்டு கொழுத்திருந்தனர். பன்றிகளுக்கு நண்டு போட்டு வளர்த்துக் கொண்டிருந்தனர்! மேலே தம்மவர் பிணம் தின்ன, கீழே பன்றி நண்டு தின்றது. வளத்தை மறைத்து வைத்துக்கொண்டு ஊர் திரும்பக் காத்திருந்தார்கள். பஞ்சம் என்றால் பண்டமே இல்லாமை என்று எண்ணுகிறோம். பண்டம் இருந்தது, வேறு கையில் இருந்தது.

1610 மே மாதம், சிதைந்த கப்பலின் மரத்தைக் கொண்டு பெர்முடாவில் இரு சிறு கப்பல் கட்டிக்கொண்டு வந்தவர்கள் கண்டது ஏறத்தாழ 60 எலும்புக் கூடுகளை. ஊரைக் கைவிட்டு எல்லாரும் கப்பலேறினர். ஆற்று வழியில் டெலவேர் பிரபு புதிய ஆட்களோடு எதிரே வர, திரும்பினர். அந்த ஆகஸ்டில் பெர்சி பஸ்பஹே குலத்தார் ஊரைத் தாக்கினார். வீடுகளை எரித்தனர், குலத்தலைவியைக் கொன்றனர், அவள் குழந்தைகளை ஆற்றில் எறிந்து சுட்டனர். வயலில் நின்ற சோளத்தையும் வெட்டிச் சாய்த்தனர். சோளமின்றிப் பிணம் தின்ற அதே மாந்தர்!

பின்னர் வந்த சட்டங்களைப் பாருங்கள். பொதுக் கிடங்கில் திருடினால் சாவு. ஞாயிறு வழிபாட்டுக்கு மூன்றாம் முறை வராவிட்டாலும் சாவு! இவற்றைக் கடுமையாக நடத்தியவர் சர் தாமஸ் டேல். ஆயினும் சாட்டையால் விளையாத சோளம், அவரே ஆளுக்கு மூன்று ஏக்கர் நிலம் தந்தபின் விளைந்தது. இதைக் காட்டி, பொதுவுடைமை தோற்றது பார் என்பாரும் உளர். பொதுவுடைமையா அது? அங்கே விளைவது உழைத்தவர் அனைவருக்கும் பொதுவாக இல்லை; இலண்டனில் பங்கு வாங்கியவருக்கு ஏழாண்டு கழித்துப் பிரிக்க வைத்த இலாபம். ஊதியமின்றி, நிலமின்றி, ஏழாண்டு கட்டுண்டு கிடந்தவன், தனக்கென்று எதுவுமில்லாத வயலில் ஏன் முதுகு ஒடிப்பான்?

ஒரு சொல் பிளிமத் பற்றி. 1620இல் மேபிளவர் கப்பலில் 102 பேர் வந்து முதற் குளிரிலேயே பாதிப்பேர் மாண்டனர். எஞ்சியவரைக் காத்தவர் திஸ்குவாண்டம். 1614இல் ஆங்கிலக் கப்பல் தலைவன் ஒருவனால் பிடிக்கப்பட்டு ஸ்பெயினில் விற்கப்பட்டு, இலண்டன் வழியே ஊர் திரும்பியவர். திரும்பியபோது அவருடைய ஊரே கொள்ளை நோயில் அழிந்திருந்தது. அந்த அழிந்த ஊரின் வயல்மீதுதான் பிளிமத் எழுந்தது. மீனை உரமாக இட்டுச் சோளம் நடக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

ஜேம்ஸ்டவுனைக் காத்தது இறுதியில் பொன்னல்ல, புகையிலை. 1614இல் ஜான் ரால்ப் விளைவித்த புகையிலை இலண்டனுக்குப் போயிற்று. 1619 ஆகஸ்டில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர் அதே ஆற்று முகத்தில் கொண்டுவந்து விற்கப்பட்டனர். மண்வெட்டி பிடிக்கக் கூசிய கைகளுக்கு வேறு கைகள் கிடைத்துவிட்டன.

வர்ஜீனியாக் கம்பெனியை நெடுநாள் நடத்திய சர் தாமஸ் ஸ்மித், கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் ஆளுநரும் ஆவார். ஜேம்ஸ்டவுனில் சாட்டை சுழற்றிய டேல் அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பற்படைத் தலைவராகக் கீழ்த்திசை வந்து, 1619இல் நம் அண்டையிலுள்ள மசூலிப்பட்டினத்தில் நோயுற்று மாண்டார். முதற் கப்பலை ஓட்டிவந்த நியூபோர்ட்டும் அதே கம்பெனிக்காகச் சாவகத்து பாண்டம் துறைவரை வந்து அங்கேயே இறந்தார்.

1624இல் மன்னன் வர்ஜீனியாக் கம்பெனியைக் கலைத்தான். அதுவரை கப்பலேற்றி அனுப்பப்பட்டவர் ஏறத்தாழ 7,000 பேர். எண்ணிப் பார்த்தபோது உயிரோடிருந்தவர் சுமார் 1,200.