ஆர்த்தஸ்: வாளைத் தொடமுன்னமே விழுந்தவன்

“ஸ்ட்ராத்தோல்மில ஆர்த்தஸ் செய்தது சரியா, பிழையா?”

வோர்கிராஃப்ட் விளையாடின ரெண்டு பேருக்கு நடுவில இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டுப் பாருங்கள். கையில் இருக்கிற தேத்தண்ணி ஆறிப்போகும், சண்டை முடியாது. கேள்விக்கு இருபது வயது தாண்டிவிட்டது. இன்னும் ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தக் கட்டுரையில் என்னுடைய பதிலையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முதல் கதையை ஒழுங்காகப் பார்ப்பம். ஏனென்றால் “அந்தச் சபிக்கப்பட்ட வாள்தான் அவனைக் கெடுத்தது” என்று சொல்பவர்கள்தான் அதிகம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

டோட்டா விளையாடினவர்களுக்கு வோர்கிராஃப்ட் 3 என்ற பெயர் தெரிந்திருக்கும். முதல் டோட்டா, அந்த விளையாட்டோடு வந்த வரைபடம் செய்யும் கருவியை வைத்து ரசிகர்கள் உருவாக்கினதுதான். டோட்டாவுக்காகவே வோர்கிராஃப்ட் 3ஐப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த கதையைத் திறந்தும் பார்க்காதவர்கள் கனபேர். நானும் அப்படித்தான். இன்டர்நெட் இல்லாத ஒரு இரவு, வேற வேலை இல்லாமல்தான் அந்தக் கதையைத் தொடங்கினேன். விடியும்போது ஒரு இளவரசன் தன் தகப்பனைக் கொன்றிருந்தான். அவனை அங்கே வரைக்கும் மவுஸைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது நான்.

படையிலிருந்து ஆளுக்கு

அமெரிக்காவின் ப்ளிஸார்ட் நிறுவனம் முதல் வோர்கிராஃப்டை 1994இல் வெளியிட்டது, இரண்டாவதை 1995இல். இரண்டும் மனிதருக்கும் ஓர்க்குகளுக்கும் நடக்கிற போர். மரம் வெட்டு, தங்கம் தோண்டு, படை கட்டு, எதிரியின் ஊரை அழி. 2002 ஜூலையில் வந்த மூன்றாவது விளையாட்டில் ஒரு பெரிய மாற்றம். பெயரும் முகமும் உள்ள நாயகர்கள் படையோடு களத்தில் நடந்தார்கள். சண்டை செய்யச் செய்ய அனுபவம் கூடி வளர்ந்தார்கள். கதையும் அவர்களைச் சுற்றியே நகர்ந்தது. அப்படி எங்கள் கையில் தரப்பட்ட முதல் மனித நாயகன்தான் ஆர்த்தஸ் மெனத்தில்.

லோர்டரோன் அரசன் டெரெனாஸின் மகன். வெள்ளிக் கரம் என்ற அமைப்பில் சேர்ந்த பலடின், அதாவது ஒளியின் பெயரால் சண்டை செய்கிற புனித வீரன். அவனுடைய குரு ஊத்தர். அவன் விரும்பின பெண் ஜெய்னா, மந்திரம் படித்தவள். முதல் அத்தியாயத்தில் அவன் செய்வது ஓர்க்குகள் தாக்கின ஒரு சின்ன ஊரைக் காப்பாற்றுவது. கொஞ்சம் அவசரக்காரன், கொஞ்சம் கோபக்காரன். ஆனால் தன் மக்கள் மேல் அவனுக்கு இருந்த பாசத்தில் பொய் இல்லை. இதை மறக்காமல் வைத்திருங்கள்.

தானியத்தில் வந்த நோய்

நாட்டின் வடக்கே ஒரு கொள்ளைநோய். ஆர்த்தஸும் ஜெய்னாவும் விசாரித்துக்கொண்டு போகிறார்கள். அண்டோர்ஹால் என்ற ஊரிலிருந்து அனுப்பப்பட்ட தானியத்தில் நோய் கலக்கப்பட்டிருக்கிறது. சாப்பிட்டவர்கள் சாகிறார்கள், செத்தவர்கள் எழும்பி எதிரியின் படையில் சேருகிறார்கள். அடுத்து ஹார்த்க்ளென் என்ற ஊர். அங்கே தானியம் ஏற்கெனவே பங்கிடப்பட்டுவிட்டது. நேற்றுவரை காப்பாற்ற வேண்டியவர்களாக இருந்த மக்களே இன்றைக்கு அலை அலையாக வந்து அடிக்கிறார்கள். ஊத்தர் உதவிக்கு வந்து சேருகிற வரைக்கும் ஆர்த்தஸ் அந்த ஊரைத் தாக்குப்பிடிக்க வேண்டும். கதையில் இது முக்கியமான இடம். நோய் என்ன செய்யும் என்பதை அவன் ஆரும் சொல்லிக் கேட்கவில்லை, தன் கண்ணாலேயே கண்டான்.

இதுக்குப் பிறகுதான் ஸ்ட்ராத்தோல்ம்.

நூறு

நகரத்துக்குள் தானியம் போய்விட்டது. மக்கள் சாப்பிட்டும் விட்டார்கள். இன்னும் மாறவில்லை, ஆனால் மாறுவார்கள். ஆர்த்தஸ் எடுக்கிற முடிவு: அவர்கள் மாற முதலே முழு நகரத்தையும் கொன்றுவிட வேண்டும். ஊத்தர் மறுக்கிறார். உடனே ஆர்த்தஸ் அதைத் தேசத்துரோகம் என்கிறான். குருவைப் பதவியிலிருந்து தூக்குகிறான், பலடின்களின் படையையே இடைநிறுத்துகிறான். ஊத்தர் திரும்பிப் போகிறார். ஜெய்னாவும் இதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் போய்விடுகிறாள்.

பிறகு விளையாட்டு எங்கள் கையில் வருகிறது. திரையில் ஒரு கணக்கு. மல்கானிஸ் என்ற அசுரன் நூறு பேரைத் தன் படையில் சேர்க்க முதல் நீங்கள் நூறு பேரைக் கொல்ல வேண்டும். வீடுகளை உடைத்தால் உள்ளே இருந்தவர்கள் வெளியில் வருவார்கள், கண்ணுக்கு முன்னாலேயே மாறுவார்கள்.

உண்மையைச் சொன்னால், அந்த இரவு நான் ஆட்களைப் பார்க்கவே இல்லை. இலக்கத்தைத்தான் பார்த்தேன். அவன் 60, நான் 72. அடுத்த வீடு எது, கிட்டடி வழி எது. வென்றபோது சந்தோசமாகத்தான் இருந்தது. அடுத்த நாள் சாப்பிடும்போதுதான் ஞாபகம் வந்தது, அது போட்டியே இல்லை, ஒரு நகரம் என்று. கொலையை ஒரு எண்ணிக்கையாக மாற்றிக் கொடுத்துவிட்டால் ஒரு சாதாரணப் பொடியன் எவ்வளவு சுலபமாகச் செய்துவிடுவான் என்பதை எனக்குக் காட்டினது அந்த அத்தியாயம்தான்.

எரிந்த கப்பல்கள்

கனபேர் ஸ்ட்ராத்தோல்மோடு நின்றுவிடுவார்கள். அதற்குப் பிறகு நடந்த ஒரு விசயம்தான் எனக்கு அதைவிட முக்கியம்.

மல்கானிஸைத் துரத்திக்கொண்டு ஆர்த்தஸ் நோர்த்ரெண்ட் என்ற பனிக் கண்டத்துக்குப் போகிறான். அங்கே அவனுடைய பழைய நண்பன் முராடின் என்ற குள்ளர் இனத்து வீரன் கிடைக்கிறான். இந்தப் பக்கம் ஊத்தர் அரசனோடு கதைத்து, படையைத் திருப்பி அழைக்கிற கட்டளையை வாங்கிவிடுகிறார். வீரர்களுக்கு வீட்டுக்குப் போகிற சந்தோசம். காட்டு வழியாகக் கப்பல்களை நோக்கி நடக்கத் தொடங்குகிறார்கள். ஆர்த்தஸ் கூலிப்படையைப் பிடித்துக்கொண்டு, அவர்களுக்கு முதலே கரைக்குப் போய்த் தன் சொந்தக் கப்பல்களையே எரிக்கிறான். வீரர்கள் வந்து சேர்ந்ததும் அந்தக் கூலிப்படையைக் கைநீட்டி, “இவங்கள்தான் எரிச்சாங்கள்” என்கிறான். வீரர்கள் அவர்களைக் கொன்றுவிடுகிறார்கள். முராடின் திகைத்துப்போய் நிற்கிறான்.

இந்த நேரம் வரைக்கும் அவன் எந்தச் சபிக்கப்பட்ட வாளையும் தொட்டதில்லை. ஒரு ஆவியும் அவன் காதில் கதைத்ததில்லை. ஸ்ட்ராத்தோல்முக்கு “மக்களைக் காப்பாற்ற” என்றாவது ஒரு காரணம் இருந்தது. கப்பல்களுக்கு என்ன காரணம்? பழிவாங்கல் மட்டும்தான். அதற்காகத் தன்னை நம்பினவர்களின் வழியை அடைத்தான், பொய் சொன்னான், தனக்கு வேலை செய்தவர்களையே சாகக் கொடுத்தான்.

ஒன்பதாவது, கடைசி அத்தியாயத்தில்தான் ஃப்ரொஸ்ட்மோர்ன் வாள் வருகிறது. சபிக்கப்பட்டது என்று முராடின் வாசித்துச் சொல்கிறான். ஆர்த்தஸ் கேட்கவில்லை. வாளை மூடியிருந்த பனி வெடித்து, ஒரு துண்டு பட்டு முராடின் விழுகிறான். ஆர்த்தஸ் அவனை அங்கேயே விட்டுவிட்டு வாளை எடுக்கிறான்.

இப்ப வரிசையைப் பாருங்கள். முதலில் ஊத்தர், பிறகு ஜெய்னா, பிறகு தகப்பனின் கட்டளை, கடைசியாக முராடின். அவனுக்கு “வேண்டாம்” என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள். வாள் கையில் வரும்போது பக்கத்தில் தடுக்க ஒருவரும் இல்லை. வாள் அவனுடைய ஆன்மாவைத் திருடியது உண்மை. ஆனால் கதவைத் திறந்து வைத்தது அவன்தான்.

அதே கை, மற்றப் பக்கம்

ஊர் திரும்பினபோது பூத்தூவி வரவேற்கிறார்கள். அவன் நேரே அரியணைக்குப் போய்த் தகப்பனைக் கொல்கிறான். அடுத்த கதைப்பகுதியில் அதே ஆர்த்தஸ், இந்தமுறை மரண வீரன். இங்கே ப்ளிஸார்ட் செய்த ஒரு சின்ன வேலை எனக்குப் பிடிக்கும். பலடினாக இருந்தபோது அவனுடைய ஒளி உயிருள்ளவர்களைக் குணமாக்கும், பிணங்களைக் காயப்படுத்தும். மரண வீரனாக அவன் எறிகிற சக்தி பிணங்களைக் குணமாக்கும், உயிருள்ளவர்களைக் காயப்படுத்தும். முந்தி விழுந்த தோழர்களுக்கு உயிர் கொடுப்பான். இப்ப செத்த உடல்களைத் தனக்காக எழுப்புவான். திறமை அப்படியே இருக்கிறது. ஆருக்காக என்பதுதான் மாறியிருக்கிறது.

பிறகு ஊத்தரைக் கொல்கிறான். உயர் எல்ஃப்களின் நாட்டை அழிக்கிறான். அதைக் காத்து நின்ற சில்வானஸைச் சாகவும் விடாமல் ஆவியாக்கித் தனக்கு அடிமையாக்குகிறான். 2003இல் வந்த ‘ஃப்ரோஸன் த்ரோன்’ தொடர்ச்சியின் முடிவில், பனிச் சிகரத்தின் உச்சியில் லிச் கிங்கின் கிரீடத்தைத் தானே தலையில் வைத்துக்கொள்கிறான். மக்களைக் காக்கப் புறப்பட்டவன், பிணங்களின் அரசனாகப் பனிக்கட்டிச் சிம்மாசனத்தில் தனியாக இருக்கிறான்.

திரும்பவும் அந்த நகரம்

2008 நவம்பரில் ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’டின் ஒரு விரிவாக்கம் முழுவதும் இவனை மையமாக வைத்து வந்தது. அதில் ஐந்து வீரர்கள் காலத்தில் பின்னோக்கிப் போய் ஸ்ட்ராத்தோல்மை அடைகிற ஒரு பகுதி இருக்கிறது. தடுக்கத்தான் போகிறோம் என்று நினைப்பீர்கள். இல்லை. வரலாற்றைக் குழப்ப நினைக்கிற ஒரு கூட்டம் ஆர்த்தஸை மறிக்கப் பார்க்கும். அவனுக்குப் பக்கத்தில் நின்று, அந்தப் படுகொலை நடந்து முடியும்படி நீங்கள் பாதுகாக்க வேண்டும். அவன் விழாவிட்டால் பிறகு நடந்த எதுவும் நடந்திருக்காது என்பது காரணம். நடந்ததை அழிக்க முடியாது, ஆனால் தெரிந்துகொண்டு இன்னொருமுறை நடந்து பார்க்கலாம். ஒரு விளையாட்டு வரலாற்றைப் பற்றி இவ்வளவு நேர்மையாக யோசித்தது எனக்கு ஆச்சரியம்.

2009 டிசம்பரில் வந்த இணைப்பில் அவனுடைய முடிவு திறந்தது. டிரியன் ஃபோர்ட்றிங் என்ற முதிய பலடின் அந்த வாளை உடைக்கிறான். அதற்குள் அடைபட்டிருந்த ஆன்மாக்கள் வெளியில் வருகின்றன, அவற்றில் அவனுடைய தகப்பனும் ஒருவர். தான் கொன்ற தகப்பனின் ஆவி பக்கத்தில் இருக்க ஆர்த்தஸ் சாகிறான்.

என் பதில்

அப்ப ஸ்ட்ராத்தோல்மில செய்தது சரியா, பிழையா? அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மக்களுக்குத் தொற்றியிருந்தது. ஹார்த்க்ளெனில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியும். நேரம் இருக்கவில்லை. ஊத்தரிடமும் ஜெய்னாவிடமும் கையில் மருந்து இருக்கவில்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டு அவனை அசுரன் என்று சொல்வது சோம்பேறித்தனம்.

ஆனால் அவன் செய்த பிழை நகர வாசலிலேயே தொடங்கிவிட்டது. “வேற வழி இருக்கா?” என்று கேட்டவர்களைத் துரோகி என்று சொல்லி அனுப்பிவிட்டு, பிறகு “வேற வழி இருக்கேல்ல” என்றான். அது பயங்கரமான முடிவாக இருந்தாலும், ஊத்தர் பக்கத்தில் நின்றிருந்தால் குறைந்தது கப்பல்கள் எரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இந்த நாட்டில் வளர்ந்த எங்களுக்கு “வேற வழி இருக்கேல்ல” என்பது புது வசனம் இல்லை. எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்டிருக்கிறம். இனி அதை எங்கே கேட்டாலும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: வேற வழி சொன்ன ஆக்கள் இப்ப எங்க?