மீன்பிடித் திருவிழா: துண்டை வீசியதும் ஊரே ஏரிக்குள் இறங்குவது ஏன்? விதிகள் என்ன? பேராவூரணிக்கு இதில் என்ன இருக்கு?

கோடை வந்தாலே புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை, திண்டுக்கல், திருச்சி மாவட்டங்களிலிருந்து ஒரு வீடியோ கட்டாயம் வைரலாகும். கரை முழுக்கக் கூட்டம். ஊர்ப் பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுகிறார். அடுத்த நொடி ஏரி முழுக்க மனிதத் தலைகள்.

பார்ப்பதற்கு 'கிடைச்சவன் அள்ளிக்கலாம்' என்ற கூத்து போலத் தெரியும். ஆனால் இது விதிகள் உள்ள போட்டி. அந்த விதிகள் எப்படி வந்தன, தண்ணீருக்கும் அதற்கும் என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

ஏன் கோடையில் மட்டும்?

வடகிழக்குப் பருவமழையில் ஏரி, கண்மாய்கள் நிரம்பும். அந்தத் தண்ணீரில் நெல் விளையும். தை, மாசியில் அறுவடை முடிந்ததும் பாசனத் தேவை குறையும். பங்குனி, சித்திரையில் வெயில் ஏற ஏற தண்ணீர் முழங்கால், இடுப்பளவுக்கு இறங்கிவிடும். அதுவரை வளர்ந்த மீன்கள் எல்லாம் அந்தக் கொஞ்சத் தண்ணீரில் ஒதுங்கும். அதுதான் திருவிழாவுக்கான நேரம். இன்னும் சில வாரம் விட்டால் ஏரி காய்ந்து மீனும் செத்துப்போகும்.

விதிகள் என்ன?

ஊருக்கு ஊர் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும். பொதுவானவை இவை:

• திருவிழா நாள் வரை ஏரியில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது. பல ஊர்களில் இதுதான் முதல் விதி.

• தேதியை ஊர்க்கூட்டம் முடிவு செய்யும். முன்பு தண்டோரா போட்டுச் சொன்னார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் பக்கத்து மாவட்டம் வரை போய்விடுகிறது.

• சாமி கும்பிட்டு, பெரியவர்கள் சிக்னல் கொடுத்த பிறகே இறங்க வேண்டும். அதற்கு முன்னால் யாரும் கால் வைக்கக் கூடாது.

• சாதி, மதம், உள்ளூர், வெளியூர் பேதமில்லை என்பதே திருவிழாவின் பெருமையாகச் சொல்லப்படுகிறது. சில ஊர்களில் மட்டும் டோக்கன் கட்டணம் உண்டு.

• பிடித்த மீன் பிடித்தவருக்கே. ஆனால் விற்காமல் வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும் என்பது பல ஊர்களின் வழக்கம்.

இப்படிச் செய்தால் மழை பெய்து விவசாயம் செழிக்கும் என்பது மக்களின் நம்பிக்கை. பரிசு, கோப்பை எதுவும் கிடையாது. மீன் சிக்கலையா? வெறுங்கையோட வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஊத்தா, கச்சா... எது எதற்கு?

ஊத்தா என்பது மூங்கில் குச்சிகளால் பின்னிய, மேலும் கீழும் திறந்த கூம்பு வடிவக் கூடை. கலங்கிய தண்ணீரில் நடந்துகொண்டே அதைச் சேற்றில் அழுத்தி வைப்பார்கள். உள்ளே மீன் மாட்டினால் பக்கவாட்டில் முட்டும். மேல் வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். தண்ணீர் ஆழமாக இருந்தால் ஊத்தா வேலை செய்யாது. கச்சா, வலை, கூடை கொண்டு வருபவர்களும் உண்டு. எதுவும் இல்லாதவர்கள் சேலை, கொசுவலையோடு இறங்குவார்கள்.

கட்லா, ரோகு, கெண்டை, கெளுத்தி, ஜிலேபி எல்லாம் கிடைக்கும். ஆனால் எல்லாருடைய கண்ணும் விரால் மேல்தான். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன் என்பதால், தண்ணீர் வற்றினாலும் சேற்றில் தாக்குப்பிடிக்கும். கையில் சிக்கினாலும் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும்.

வெளிநாட்டு லீக்கில் எப்படி?

அமெரிக்கா, கனடாவில் 'வால்ஐ' என்ற ஏரி மீனைப் பிடிக்க உள்ளூர் லீக்குகள் நடக்கின்றன. வழக்கமாக இரண்டு பேர் ஒரு அணி. படகில் போய்த் தூண்டிலில் பிடித்த பெரிய மீன்களின் எடையை அல்லது நீளத்தைக் கூட்டிப் புள்ளி போடுவார்கள். சீசன் முடிவில் யாருக்குப் புள்ளி அதிகமோ அவர்களே சாம்பியன். பல போட்டிகளில் மீனை அளந்துவிட்டு மறுபடியும் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள்.

எடைக்குப் பணம் என்றால் ஏமாற்றும் வேலையும் வரும். 2022 செப்டம்பர் 30 அன்று, ஓஹியோ மாநிலத்தில் ஈரி ஏரியில் நடந்த வால்ஐ போட்டியில், முதலிடத்துக்கு வந்த மீன்களின் வயிற்றைக் கிழித்தபோது ஈயக் குண்டுகள் கிடைத்தன. பரிசு 28 ஆயிரம் டாலருக்கும் மேல். இருவரும் 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 10 நாள் சிறை, படகும் பறிபோனது.

அங்கே மீனைத் திரும்ப விடுவதும், இங்கே மொத்தமாக எடுப்பதும் முரண்பாடாகத் தெரியலாம். காரணம் தண்ணீர். அங்கே ஏரி வற்றாது, விட்ட மீன் பிழைக்கும். நம்ம ஏரி வற்றிவிடும், விட்டாலும் மீன் சாகும். தண்ணீர் எப்படியோ விதி அப்படி.

பேராவூரணிக்கு என்ன தொடர்பு?

திருவிழா நடக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தை ஒட்டியே இருக்கிறது தஞ்சாவூர் மாவட்டத்தின் பேராவூரணி. கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் கடைசியில்தான் வரும். அதனால் ஏரிதான் இங்கே உயிர்நாடி.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தப் பகுதியின் தென்னையைச் சாய்த்துப் போட்டது. அதன் பிறகு உள்ளூர் இளைஞர்கள் 'கைஃபா' என்ற கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கமாகத் திரண்டு, 2019-ல் 564 ஏக்கர் பெரியகுளம் ஏரியைத் தூர்வாரினார்கள். நோக்கம் பாசனமும் நிலத்தடி நீரும்தான், மீன் அல்ல.

ஆனால் ஆழமான ஏரியில் தண்ணீர் கூடுதல் நாள் நிற்கும். தண்ணீர் நின்றால் மீன் அடுத்த ஆண்டுக்கும் தப்பிக்கும். அப்படிப்பட்ட ஏரியில் 'எல்லாத்தையும் எடு' என்ற பழைய கணக்கு சரிவராது. குறிப்பாக விரால், தன் குஞ்சுக் கூட்டத்தை விட்டு நகராமல் காவல் காக்கும் மீன். அந்த நேரத்தில் காவல் காக்கும் மீனைத் தூண்டிலில் எடுத்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். ஒரு விரால் போனால் ஒரு தலைமுறையே போச்சு.

ஏலம் விட்ட ஏரியில் பிடிக்கலாமா?

முடியாது. பல ஏரிகளின் மீன்பிடி உரிமை ஏலத்தில் குத்தகைக்குப் போகிறது. குத்தகை இருக்கும்வரை மீன் எடுத்தவருக்கே சொந்தம். தூண்டில் போடும் முன் ஊராட்சியில் கேட்டுக்கொள்வது நல்லது. மீனை எளிதாகப் பிடிக்க ஏரித் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள் என்பது பல ஊர்களில் விவசாயிகள் எழுப்பும் புகார். மீனா, பாசனமா என்ற சண்டை இங்கேதான் தொடங்குகிறது. பொதுத் திருவிழாவில் அந்தச் சண்டை குறைவு. ஏரி எப்போது வற்ற வேண்டும் என்று யாரும் தீர்மானிப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1897-ம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டப்படி, வெடி வைத்தோ விஷம் கலந்தோ மீன் பிடிப்பது குற்றம். இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம் என்பது அதில் உள்ள தண்டனை.

திருவிழாவுக்குப் போறீங்களா? இதைக் கவனிங்க

• கூட்டத்தோடு முதல் வரிசையில் பாய வேண்டாம். சேற்றில் ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவர்களும் விழுவார்கள்.

• மதகு ஓரம், மண் எடுத்த பள்ளம் ஆகியவை ஆழமானவை. உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்க.

• கெளுத்தியின் முள் கையைப் பதம் பார்க்கும். பார்த்துப் பிடிங்க.

• சிறுவர்களைக் கரையிலேயே நிறுத்துங்க.

• ஏரியில் தண்ணீர் வற்றாது என்று தெரிந்தால், சின்ன மீனையும் குஞ்சோடு இருக்கும் விராலையும் விட்டுவிடுங்க. அடுத்த வருஷத் திருவிழாவுக்கு மீன் அதிலிருந்துதான் வரணும்.