வெள்ளைக் கோட்டு அணியும் விழா

பெங்களூர்க் கோட்டைப் பகுதியில் விக்டோரியா ஆஸ்பத்திரி அமைந்திருக்கின்றது. விக்டோரியா மகாராணியாரின் ஆட்சி அறுபதாண்டு நிறைவெய்தியதை ஒட்டி 1897-ல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1900 டிசம்பரில் கர்ஸன் பிரபுவினால் திறந்துவைக்கப்பெற்றது அது. 1958-ல் தொடங்கப்பெற்ற அரசினர் பல் மருத்துவக் கல்லூரி இந்த வளாகத்திலேதான் இருக்கின்றது. வாயிலைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் கிருஷ்ணராஜ மார்க்கெட் வந்துவிடும். அந்த மார்க்கெட் வட்டாரத்து நடைபாதையில் துணி விரித்து, பல் செட்டுகளையும் இடுக்கிகளையும் பரப்பி வைத்துக்கொண்டு, வருவோர்க்குப் பல் கட்டித் தருவோரை இந்த நூற்றாண்டிலும் மக்கள் கண்டிருக்கின்றனர்.

கல்லூரியில் பயின்றவரையும் நடைபாதையில் அமர்ந்தவரையும் பிரித்துக் காட்டுவது எது? வெள்ளைக் கோட்டு என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அந்தக் கோட்டு துணிக்கடையில் விலைக்குக் கிடைப்பது. அதை வாங்க எவருக்கும் தடையில்லை. இருந்தும், புதிய மாணவர்களுக்கு அதனை அணிவிப்பதையே ஒரு வைபவமாகப் பெங்களூரின் பல் மருத்துவக் கல்லூரிகள் அண்மைக் காலத்தில் நடத்தி வருகின்றன. குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள், ஆசிரியர் கோட்டை அணிவிக்கிறார், மாணவர்கள் எழுந்து நின்று உறுதிமொழி கூறுகிறார்கள், பெற்றோர் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மாணவர்கள் தமக்குள் இந்த உடையை 'ஏப்ரன்' என்றே வழங்குவர். ஒரு கோட்டுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று நாம் சற்று ஆராய்ந்து பார்க்கலாம்.

மேல்நாட்டு வைத்தியர் எக்காலத்தும் வெள்ளை உடுத்தவர் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கறுப்புக் கோட்டே அவர்களுடைய கௌரவ உடை. அறுவை செய்யும்போதும் அதையே அணிந்திருந்தனர். தாமஸ் ஈக்கின்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் பிலடெல்பியாவின் அறுவை மண்டபங்களை இரு பெரும் ஓவியங்களாகத் தீட்டினார். 1875-ல் வரைந்ததில் அறுவை நிபுணர் கறுப்பு உடையில் நிற்கிறார். 1889-ல் வரைந்ததில் வெண்மை. இடையே கழிந்தவை பதினான்கே ஆண்டுகள். புண் அழுகுவதற்குக் கிருமிகளே காரணம் என்று கொண்டு, கார்பாலிக் அமிலத்தால் அவற்றைத் தடுக்கலாம் என லிஸ்டர் 1867-ல் வெளியிட்ட முறை அதற்குள் பரவிவிட்டது. அழுக்கு உடனே கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே வெள்ளை வந்தது.

நம் நாட்டு நூல் ஒன்று இதற்கு மிக முந்தியது. வைத்தியன் தொழிலுக்குப் புறப்படும்போது எப்படி இருக்கவேண்டும் என்று சுசுருத சம்ஹிதை கூறுகிறது. நகமும் மயிரும் கத்தரித்திருக்க வேண்டும், தூய்மையும் வெள்ளாடையும் வேண்டும், ஆடம்பர வேடம் ஆகாது, வஞ்சனை கூடாது, உயிர்களுக்கெல்லாம் உறவினனைப்போல் இருக்கவேண்டும். இவற்றோடு மற்றொன்றும் உண்டு: அரசனுடைய அனுமதி பெற்றிருக்க வேண்டும். வெள்ளாடையையும் அரசாணையையும் ஒரே மூச்சில் சொல்லியிருப்பது நமக்கு வியப்பளிக்கின்றது.

பல் வைத்தியத்தைப் பொறுத்தவரை வெள்ளாடை எளிதில் வந்தது, அரசாணைதான் தாமதித்தது. பல் பிடுங்குவது நாவிதர் கைவேலையாக இருந்த காலம் ஐரோப்பாவிலும் உண்டு, நம் ஊர்களிலும் உண்டு. உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தோன்றிற்று. நம் நாட்டில் அதற்கு எண்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அயோவா சர்வகலாசாலையில் 1915-ல் பட்டம் பெற்றுத் திரும்பிய டாக்டர் ரபியுத்தீன் அகமது 1920-ல் கல்கத்தாவில் முதல் கல்லூரியை நிறுவினார். அதற்கு வேண்டிய பணத்தை அவர் நடத்திய 'நியூயார்க் சோடா பவுண்டன்' என்னும் குளிர்பானக் கடை தந்தது! இனிப்பு விற்ற காசில் பல் மருத்துவம் வளர்ந்ததை எண்ணினால் நமக்குப் புன்னகை வராமல் போகாது.

1939-ல் வங்காளத்திலும், 1948-ல் இந்தியா முழுவதற்கும் பல் மருத்துவர் சட்டம் பிறந்தது. இந்தச் சட்டம் செய்த ஒரு காரியம் குறிப்பிடத்தக்கது. பதிவேட்டை அது இரு பகுதிகளாக வகுத்தது. கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் முதற் பகுதியில். பட்டமில்லாமல், ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாது இதனையே முக்கியப் பிழைப்பாகக் கொண்டிருந்தவர்கள் இரண்டாம் பகுதியில். தந்தையிடம் மகன் கற்று நடத்திய தொழிலை ஒரே நாளில் குற்றமாக்கிவிடாமல், இருந்தவரை ஏற்று, இனி வருபவரைக் கல்லூரிக்கு அனுப்பிற்று. தென்னாட்டு நகரங்களில் 'சீனப் பல் வைத்தியர்' என்ற பலகைகளைப் பார்த்தவர்களுக்கு இத்தகைய பரம்பரைத் தொழிலின் தன்மை விளங்கும். இந்த ஏற்பாடு நியாயமானது என்பதே நம் கருத்து. அதன் பின் 1953-ல் சென்னையிலும், 1958-ல் பெங்களூரிலும் அரசினர் கல்வி தொடங்கிற்று.

கோட்டு அணிவிக்கும் சடங்கோ மிகப் புதியது. 1989-ல் சிக்காகோ சர்வகலாசாலை மருத்துவப் பள்ளியில், நோயாளிகள் மனம் திறந்து பேசும் இடத்துக்கு மாணவர் அரைக்காற்சட்டையோடு வருகின்றனர் என ஆசிரியர் ஒருவர் குறைகூற, மாணவர்களுக்குக் கோட்டு வழங்கும் வழக்கம் அங்கே ஏற்பட்டது. 1993-ல் நியூயார்க்கின் கொலம்பியா சர்வகலாசாலையில் குழந்தைகளின் நரம்பு மருத்துவரான ஆர்னால்டு கோல்டு உறுதிமொழியையும் அதனோடு இணைத்தார். படிப்பு முடிந்தபின் உறுதிமொழி எடுப்பது நான்கு ஆண்டுகள் தாமதம் என்பது அவர் வாதம். உறுதிமொழியின் சொற்கள் வெறும் ஒப்புக்கு அல்ல என்பதைத் தமிழ்நாடும் கண்டது. 2022 ஏப்ரல் 30-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் இவ்விழாவின்போது வழக்கமான ஹிப்போக்ரடீஸ் உறுதிமொழிக்குப் பதிலாகச் சரகர் பெயரிலான உறுதிமொழி கூறப்பட்டது பெரிய வாதத்தைக் கிளப்பிற்று. கல்லூரி முதல்வர் பதவியிலிருந்து விலக்கப்பட்டு, பின்னர் மீண்டும் அமர்த்தப்பட்டார்.

இதற்கிடையே கோட்டின் மீதே ஐயம் எழுந்துவிட்டது. நீண்ட கைகள் கிருமியைச் சுமக்கும் என்று கருதி, முழங்கைக்குக் கீழே ஆடை கூடாது என 2007-ல் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளுக்கு விதி செய்யப்பட்டது. இந்தியாவிலும் கோட்டைக் கைவிடவேண்டும் என்று 2015-ல் மங்களூர் மருத்துவர் ஒருவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். பல் மருத்துவரை இந்த வாதம் மற்றவரைக் காட்டிலும் நெருங்கித் தொடும். பல்லைக் குடையும் கருவி சுழலும்போது எச்சிலும் இரத்தமும் நீரோடு கலந்து நுண்துளிகளாகத் தெறிக்கின்றன. அவை முதலில் படிவது மார்பிலும் முன்கையிலும்தான். அக்கோட்டோடு மாணவர் காண்டீனுக்கோ பஸ்ஸுக்கோ சென்றால், எந்த வெண்மை தூய்மைக்கு அடையாளமோ அதுவே நோயைச் சுமந்து செல்லும். கோட்டை அணியக் கற்பிக்கும் விழாவில், அதைக் கழற்றவேண்டிய இடத்தையும் கற்பித்தால் நன்று.

விழாவைக் கல்லூரியில் சேர்ந்தவுடன் நடத்துவோரும் உளர். மூன்றாம் ஆண்டில் நடத்துவோரும் உளர். நாம் பின்னவர் கட்சியே. முதல் இரண்டு ஆண்டுகளில் மாணவர் மெழுகில் பல் செதுக்குகிறார். பிளாஸ்டரில் அச்சு எடுக்கிறார். பல் செட்டு செய்து பழகுகிறார். மெழுகுப் பல்லுக்கு வலியில்லை. மூன்றாம் ஆண்டில்தான் மனிதர் ஒருவர் எதிரே நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறக்கிறார். மற்ற வைத்தியரிடம் நோயாளி இடையிலே கேள்வி கேட்கலாம், போதும் என்று சொல்லலாம். பல் வைத்தியரிடம் வாய் திறந்திருப்பதனாலேயே பேச்சு அடைபட்டுவிடுகிறது. கேட்கவேண்டியதையெல்லாம் அவர் நம்பிக்கையாக முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார். உறுதிமொழி அந்த நம்பிக்கைக்குப் பதிலாகத் தரப்படுவதாயின், அவர் வந்து அமரும் காலமே அதற்கு உரிய காலம்.

நான்கு ஆண்டுப் படிப்பும், ஓராண்டுப் பயிற்சியும் முடிந்தபின் மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் தனியே தொழில் நடத்தலாம். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டமும் பதிவேட்டை விட்டுவிடவில்லை. இறுதியாண்டில் நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வு ஒன்றையும் அது விதிக்கிறது. கோட்டு எவரிடமும் இருக்கலாம். பதிவு எண் அப்படிக் கிடைப்பதில்லை. அந்த எண்ணை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நோயாளிக்கு முழு உரிமை உண்டு. நாற்காலியில் சாய்வதற்கு முன்பே கேட்டுவிடுவது வசதி.