பராக்குப் பார்த்த பையன்

 இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஒரு காபியைப் போட்டு வைத்துக்கொண்டு சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு பழைய மாணவி பெங்களூரிலிருந்து போன் செய்தாள். மகன் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அவளைக் கூப்பிட்டு, பையன் சேட்டை எதுவும் செய்வதில்லை, ஆனால் வகுப்பிலேயே இல்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு எங்கேயோ போய்விடுகிறான் என்று சொன்னார்களாம். "என்ன சார் செய்ய?" என்றாள். டாக்டரிடம் காட்ட வேண்டிய கவனக் குறைபாடு என்று ஒன்று உண்டு, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக்கூடாது. மற்றபடி இது போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் சரித்திரம்தான் வரும்.

நம் பக்கத்தில் இதற்குப் பெயர் பராக்குப் பார்ப்பது. "ஏலே, அங்க என்னலே பராக்கு?" என்ற குரலைக் கேட்காமல் யாரும் பள்ளிக்கூடம் முடித்திருக்க மாட்டீர்கள். இந்தச் சொல் ஒரு வேடிக்கையான சொல். ராஜா சபைக்கு வரும்போது கட்டியக்காரன் "பராக்! பராக்!" என்று கூவுவான். கவனியுங்கள், ராஜா வருகிறார் என்று அர்த்தம். அதே சொல்லுக்குக் கவனமில்லாமை என்றும் அர்த்தம். ஓரிடத்தில் கவனம் இல்லாதவனுக்கு வேறு எங்கோ கவனம் இருக்கிறது என்று நம் முன்னோர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள் போல. இது என் ஊகம்தான். மொழியறிஞர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

நம் ஜில்லா பெற்ற பராக்குப் பையன்களில் முதல் ஆள் எட்டயபுரம் சுப்பையா. பின்னாளில் பாரதி. எட்டயபுரம் இன்று தூத்துக்குடி மாவட்டம், ஆனால் 1986 வரைக்கும் திருநெல்வேலி ஜில்லாதான். 1882 டிசம்பர் 11-ல் பிறந்தார். ஐந்து வயதில் தாயார் லட்சுமி அம்மாள் போய்விட்டார். தகப்பனார் சின்னசாமி ஐயர் கணக்கில் புலி, இயந்திரங்களில் மோகம் உள்ளவர். எட்டயபுரத்தில் பஞ்சு அரவை மில் வைத்தவர். மகனும் கணக்குப் படித்து இயந்திரம் கற்று முன்னுக்கு வர வேண்டும் என்பது அவர் ஆசை. பையனைத் தெருப் பிள்ளைகளோடு ஆட விடவில்லை. உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தால், பையன் 'கணக்கு' என்ற சொல்லுக்கே எதுகை தேடிக்கொண்டு ஆமணக்கு வரைக்கும் போய்விடுவாராம். வீட்டில் வழங்கிய கதை இது.

தகப்பனாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் நிலையில் இருந்த எந்தத் தகப்பனும் அதைத்தான் விரும்பியிருப்பார். இன்று பெங்களூரில் இருக்கிறவர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆட விடாமல் தனியாக உட்கார வைத்ததால், அந்தப் பையனுக்கு வேறு வழியில்லாமல் கிடைத்தது மனசுக்குள் ஊர் சுற்றும் பழக்கம். பிற்பாடு அவரே பாட்டில் இதைச் சொல்லியிருக்கிறார். தம் சரித்திரத்தைப் பாட்டாக எழுதியபோது அவர் வைத்த தலைப்பு 'கனவு'. மற்றப் பிள்ளைகள் ஓடியாடித் திரிந்ததையும், தாம் அப்பாவுக்குப் பயந்து துணையில்லாமல் கிடந்ததையும் அதில் எழுதியிருக்கிறார். படித்தால் வயிற்றைப் பிசையும்.

1893-ல், பதினோரு வயதில், எட்டயபுரம் சபையில் 'பாரதி' பட்டம். அடுத்த வருஷம் திருநெல்வேலி டவுன் இந்துக் கல்லூரிப் பள்ளிக்கூடம், 1897 வரை. அவர் படித்த வகுப்பறையை இன்றைக்கும் அங்கே போற்றி வைத்திருக்கிறார்கள். டவுன் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படிப்பைப் பற்றி அவரிடம் நல்ல வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. அப்பாவுக்கு ஆயிரம் ரூபாய் செலவு, தனக்கு ஆயிரம் கேடு என்ற மாதிரி அதே 'கனவு' பாட்டில் கணக்குத் தீர்க்கிறார். பன்னிரண்டு வருஷம் கணிதம் படித்தவனுக்கு வானத்தில் ஒரு நட்சத்திரம் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லையே என்று கேட்கிறார். ஒரு வாத்தியாராக எனக்கு அது சுருக்கென்று குத்துகிற வரி. ஜன்னலைப் பார்க்காதே என்று சொல்லிச் சொல்லி வானசாஸ்திரம் நடத்துகிறோம்.

அவர் படிப்பே ஏறாத பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். தகப்பனார் 1898-ல் காலமான பிறகு காசிக்குப் போனார். அங்கே இருந்து அலகாபாத் பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சை தேறினார். சம்ஸ்கிருதம், இந்தி எல்லாம் வந்தது. மனம் போன இடத்தில் படிப்பும் ஏறியது. இதே காலத்தில் கும்பகோணத்திலும் ஒரு பையன் கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் ஒட்டாமல் கல்லூரி உபகாரச் சம்பளத்தை இழந்தான். அவன் பெயர் ராமானுஜன். ஒருவனுக்குக் கணக்கே பராக்கு, மற்றவனுக்குக் கணக்கிலிருந்து தப்புவது பராக்கு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மனம் அலைவதைப் பற்றியே தமிழில் ஒரு முழுப் புத்தகம் இருக்கிறது. பாரதியின் 'ஞானரதம்'. 1910-ல் புத்தகமாக வந்தது. உங்களில் எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? பாட்டைப் பாடுகிற அளவுக்கு அவர் வசனத்தை நாம் படிப்பதில்லை. கதை இதுதான். சாயங்கால நேரம். திருவல்லிக்கேணி வீரராகவ முதலி தெருவில் ஒரு வீட்டு மாடியில் ஒருவர் காற்று வாங்கப் படுத்திருக்கிறார். மனம் கிளம்புகிறது. அந்த மனத்தையே ரதமாகப் பூட்டிக்கொண்டு உலகம் உலகமாகப் போகிறார். கந்தர்வ லோகம், சத்திய லோகம், தர்ம லோகம் என்று போகிறது.

இந்தப் புத்தகம் வெளிவந்தபோது பாரதி எங்கே இருந்தார் தெரியுமா? புதுச்சேரியில். 1908-ல் 'இந்தியா' பத்திரிகைமீது வழக்கு வந்ததும் பிரெஞ்சு எல்லைக்குள் போனவர், பத்து வருஷம் வெளியே வர முடியவில்லை. வந்தால் கைது. திருவல்லிக்கேணி மாடிக்குப் போலீஸ் இல்லாமல் போவதற்கு அவருக்கு இருந்த வாகனம் ஒன்றே ஒன்றுதான்.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் உபசாந்தி லோகம். அங்கே கவலையே கிடையாது. ஆனால் அங்கே மனத்துக்கு இடமில்லை, உள்ளே வந்தால் அதற்கு அழிவு. மனம் நடுங்குகிறது. கதை சொல்கிறவருக்கு அதை விட மனசில்லை, திரும்பி விடுகிறார். கவலையோடு இருந்தாலும் பரவாயில்லை, அலைகிற மனம் எனக்கு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறார். மனத்தை அடக்கு, ஒடுக்கு என்று ஆயிரம் வருஷமாகச் சொல்லி வந்த நாட்டில் இது சாதாரணமான தேர்வு இல்லை.

இதற்குக் கொஞ்சம் முன்னால், 1907 டிசம்பரில், வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டு எழுத்தாளர்களும் பகற்கனவும் என்ற விஷயமாக ஒரு சொற்பொழிவு செய்தார். அடுத்த வருஷம் அது அச்சானது. குழந்தையின் விளையாட்டு பெரியவனானதும் பகற்கனவாகிறது, அதிலிருந்துதான் கதை பிறக்கிறது என்பது அவர் கட்சி. விளையாட விடப்படாத எட்டயபுரத்துப் பிள்ளையைப் பற்றி அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. பாரதிக்கும் அவரைத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

நம் காலத்து விஞ்ஞானிகளும் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2010-ல் ஹார்வர்டில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2,250 பேரிடம் செல்போன் மூலம் நாள் முழுக்க அவ்வப்போது கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, சந்தோஷமாக இருக்கிறீர்களா? ஏறக்குறைய பாதி நேரம், 46.9 சதவீதம், மனம் செய்கிற வேலையில் இல்லை. அப்படி அலைகிறபோது மனிதர்கள் சந்தோஷம் குறைவாகவே இருக்கிறார்கள் என்றும் வந்தது. 2012-ல் பெயர்டு, ஸ்கூலர் முதலானோர் வேறொரு சோதனை செய்தார்கள். ஒரு புதிருக்கு நடுவே மனம் அலைய இடம் கொடுக்கும் லேசான வேலையைக் கொடுத்தால், திரும்பி வரும்போது புதுப்புது விடைகள் கூடுதலாக வருகின்றன என்றார்கள். அதைத் திரும்பச் செய்து பார்த்த சிலருக்கு அதே விடை வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டும் பாரதியிடம் இருக்கிறது. கவலையில் அலைகிற மனம் ஒன்று, ரதம் பூட்டி அலைகிற மனம் ஒன்று. 'குயில் பாட்டு' முழுக்க மாஞ்சோலையில் நடக்கிறது. கடைசியில் கண் விழித்துப் பார்த்தால் பழைய சுவடி, எழுதுகோல், பத்திரிகைக் குவியல், பழைய பாய்! எல்லாம் சாயங்கால மயக்கத்தில் வந்த கனவு. அந்த எழுதுகோலைக் கவனியுங்கள். போனவர் திரும்பி வந்திருக்கிறார், வந்ததும் எழுதியிருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து கோட்டை கட்டியவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். எழுதுகோல் பக்கத்தில் இருந்தது இவருக்குத்தான்.

இன்னொரு உண்மையையும் சரித்திரம் படித்தவன் மறைக்கக்கூடாது. கனவு காண நேரம் யாருக்கு இருந்தது? தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். நடவுக்கும் அறுப்புக்கும் நடுவே திண்ணையிலும் படித்துறையிலும் சாவகாசமாக இருந்தவர்கள் நிலம் வைத்திருந்தவர்கள். நாற்று நட்டவர்களுக்கு அந்தச் சாவகாசம் கிடையாது. பாரதி வீட்டிலும் அப்படித்தான். அவர் ரதத்தில் போனபோது அடுப்பைப் பார்த்துக்கொண்டது செல்லம்மாள். கடையத்துப் பெண், 1897-ல் கல்யாணம் ஆகும்போது ஏழு வயது. சமைக்க வைத்திருந்த அரிசியைக் கணவர் எடுத்துக் குருவிகளுக்கு இறைத்த கதை உங்களுக்குத் தெரியும். நாம் அதைக் குருவி பக்கமிருந்தே சொல்லிப் பழகிவிட்டோம். 1951-ல் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்று செல்லம்மாள் ஒரு பேச்சுப் பேசினார். உலகத்தோடு ஒட்டி வாழத் தெரியாத கவிஞரோடு குடும்பம் நடத்தியதன் பாரத்தைப் பெருமையும் வேதனையும் கலந்து சொன்னார். பாரதியின் கனவுக்கு விலை கொடுத்தவர் அவர். இந்தப் பதிவில் அவருக்கு நான் கொடுத்த இடமும் குறைவுதான்.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பி கடலூரில் கைதாகி, மூன்று வாரத்துக்கு மேல் சிறையில் இருந்து, நிபந்தனைகளோடு வெளியே வந்து, பாரதி கடையம் வந்து சேர்ந்தார். மேற்கு மலை அடிவாரம். கல்யாணியம்மன் கோயில் பக்கத்துப் பாறைகளில் போய் உட்கார்ந்துகொள்வார். அங்கே இருந்து 1920-ல் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்துகளை 40 புத்தகமாகப் போட வேண்டும், ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி, விலை அரை ரூபாய், தமிழ்நாட்டில் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீட்டுக்கு வீடு பரவும். அச்சடிக்கக் கடன் தாருங்கள். நான்கு லட்சம் பிரதி! கையில் காசில்லாத மனிதர் பாறைமேல் உட்கார்ந்து போட்ட கணக்கு. கணக்கே வராது என்று தகப்பனார் கவலைப்பட்ட பிள்ளை போட்ட கணக்கு என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது. பணம் வரவில்லை. சென்னைக்குத் திரும்பி 1921 செப்டம்பரில் காலமானார். முப்பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை.

1949-ல் ஓமந்தூரார் அரசு பாரதி எழுத்துகளின் உரிமையை வாங்கியது. பிறகு அது பொதுச் சொத்தானது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிட்டார்கள். மலிவுப் பதிப்பு இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு. நான்கு லட்சம் எப்போதோ தாண்டியிருக்கும். செல்லம்மாள் 1955 வரை இருந்தார்.

விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் பிள்ளைகளை ஒரு நாள் கடையம் கூட்டிப்போங்கள். நெல்லை–தென்காசி ரயிலில் கீழக்கடையம் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். சில வருஷத்துக்கு முன்னால் பாரதியும் செல்லம்மாளும் சேர்ந்து நிற்கிற சிலை ஒன்று வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டுக் கோயில் பக்கம் போகலாம். போனை நீங்களே வாங்கி வைத்துக்கொண்டு, பாறையில் பிள்ளைகளைச் சும்மா உட்கார விடுங்கள். திரும்பி வரும்போது என்ன நினைத்தாய் என்று கேட்க வேண்டாம். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்துப் போங்கள், பத்து மணிக்கு மேல் பாறை சுடும்.