சௌரிராஜனும் சூரியகாந்தி எண்ணெயும்

இப்ப பொட்டி தட்டித்தான் பொழப்பு ஓடுதுன்னாலும், அடியேன் படிச்சது கெமிக்கல் இன்ஜினியரிங். மூணாவது வருஷம் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு சமையல் எண்ணெய் ரிஃபைனரிக்கு டிரெயினிங் போனேன். சூரியகாந்தி எண்ணெயில காஸ்டிக் சோடா கலந்து, அதிலிருக்கற அமிலத்தைச் சோப்பாக்கிப் பிரிச்சு, மிச்சத்தை வெந்நீர் விட்டுக் கழுவுவாங்க. எண்ணெயைக் கழுவறது சுலபம் தம்பி, கழுவின தண்ணியைச் சுத்தம் பண்றதுதான் பெரும்பாடுன்னு அங்க இருந்த ஆபரேட்டர் அண்ணன் சொல்வார்.

போற வழியில மீஞ்சூர் ஸ்டேஷன் வரும். அதுக்குக் கிழக்கே காட்டுப்பள்ளியில, தினம் 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கற கடல்நீர் ஆலை 2010-ல் தொடங்கியது. எல்லாம் மெம்பிரேன், அதாவது சவ்வு செய்யற வேலை. உப்பையே பிரிக்கற சவ்வு, எண்ணெயில இருக்கற அழுக்கைப் பிரிக்காதா? ரொம்ப நாளா குடைஞ்ச கேள்வி.

முதல்ல சவ்வோட கதை. 1960 வாக்கில் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் ரெண்டு பேரும் செல்லுலோஸ் அசிடேட்டில் ஒரு சவ்வு செஞ்சாங்க. (பேரைக் கேட்டதும் திருக்கண்ணபுரம் பெருமாள் ஞாபகம் வருதா? எனக்கும்தான்!) அதுக்கு முந்தின சவ்வுகளும் உப்பைத் தடுக்கும், ஆனா தண்ணி சொட்டு சொட்டாத்தான் வரும். இவங்க சவ்வில் மேல்தோல் மட்டும் ரொம்ப மெல்லிசு. அடியில தாங்கிப் பிடிக்க ஓட்டை ஓட்டையான பகுதி. தண்ணி பல மடங்கு வேகமா வந்துச்சு. 1965-ல் கோலிங்கா என்ற கலிஃபோர்னியச் சிற்றூருக்கு இந்த முறையில் குடிநீர் கிடைச்சது.

எண்ணெய்க்கு 1977-ல் வழி கிடைச்சது. ஏ.கே. சென் குப்தாவின் கண்டுபிடிப்புக்கு யூனிலீவர் குழுமம் அமெரிக்காவில் காப்புரிமை வாங்குச்சு. சுத்திகரிக்காத எண்ணெயில பாஸ்போலிப்பிட்னு ஒரு பிசின் இருக்கும். அதோட மூலக்கூறும் எண்ணெய் மூலக்கூறும் கிட்டத்தட்ட ஒரே சைஸ். தனித்தனியா இருந்தா எந்தச் சல்லடைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனா வித்திலிருந்து எண்ணெயை இழுக்கற ஹெக்சேன் கரைப்பான்ல, பிசின் கூட்டம் கூட்டமா திரண்டுக்கும். எண்ணெயோட மூலக்கூறு எடை கிட்டத்தட்ட 900; இந்தக் கூட்டத்தோடது 20,000 அளவுக்குப் போகும். கூட்டம் சவ்வில் மாட்டிக்கும், எண்ணெய் நழுவி வந்துடும். பிரமாதம் இல்ல?

அப்புறம் ஏன் நம்ம ஊர்ல காஸ்டிக்கும் வெந்நீரும்? எனக்குப் புரிஞ்ச வரைக்கும் ரெண்டு காரணம்.

ஒண்ணு, அமிலம். அதோட எடை 280 சொச்சம்தான். எண்ணெயைவிடப் பொடிசு, அதனால சவ்வு தாண்டி எண்ணெயோடயே வந்துடும்.

ரெண்டு, ஹெக்சேன். சமையல் எண்ணெயில பாதிக்கு மேல நாம இறக்குமதி பண்றோம். கப்பல்ல வர்ற சூரியகாந்தி எண்ணெயில ஹெக்சேனை அங்கேயே ஆவியாக்கி எடுத்திருப்பாங்க. மிச்சம் கெட்டி எண்ணெய். ஜப்பானின் சுகுபா ஆய்வாளர்களும் மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ.யும் 1990-களின் கடைசியிலிருந்து ஹெக்சேன் இல்லாமலே முயற்சி பண்ணாங்க. பிசின் நல்லாவே நின்னுச்சு. ஆனா எண்ணெய்? சொட்டு சொட்டாத்தான் வந்துச்சு.

அதாவது, தண்ணி 1960-க்கு முன்னாடி எந்த இடத்துல மாட்டிக்கிட்டு நின்னுச்சோ, அதே இடத்துல எண்ணெய் இன்னும் நிக்குது. கடல்நீரைக் குடிநீராக்கற மாவட்டத்துல, எண்ணெயைக் கழுவ நல்ல தண்ணி செலவாகுது.

கெமிக்கல் படிக்கற தம்பி தங்கச்சிகளே, ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடறீங்களா? எண்ணெய்க்கு ஒரு சௌரிராஜன் தேவை. என்னை மாதிரி பொட்டி தட்ட ஓடிடாதீங்க :-)